ஒரகடம் சாலையில் ஒரு பழைய ரம்பம்

இராமானுசர் அவதரித்த ஊர் என்று நம் முன்னோர் அறிந்திருந்த ஸ்ரீபெரும்புதூரை, இன்று உலகம் மோட்டார் வாகனங்களோடு சேர்த்தே நினைக்கிறது. அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் ஆலை கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. இவ்வாலைகளைப் பற்றி எழுதுவோர் பலர். அவற்றின் நிழலில் பிழைக்கும் மரப் பட்டறைகளை யார் எழுதுகிறார்கள்?

கடல் கடந்து வரும் இயந்திரங்களும் உதிரிப் பாகங்களும் மரப்பெட்டிகளிலும், பேலட் எனப்படும் பலகைத் தட்டுகளிலும் வருகின்றன. பூச்சிகள் கூடவே குடியேறாதிருக்க, மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தோ, மருந்துப் புகையிட்டோ, கோதுமைக் கதிர் முத்திரை பொறிப்பார்கள். முத்திரை பெற்ற அந்த அயல்நாட்டுப் பலகைகள் இங்கே பெஞ்சாகவும் அலமாரியாகவும் மறுபிறவி எடுக்கின்றன. அவற்றுள் ஒளிந்திருக்கும் ஆணிகளோ ரம்பத்தின் பற்களைத் தின்றுவிடுகின்றன.

“சாமி, பழைய ரம்ப மெஷின் ஒண்ணு விலைக்கு வருது. கூட வர்றீங்களா?” என்று எங்கள் பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவர் கேட்டார். ஒரகடத்துக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகைக்குச் சென்றோம். புதுப் பச்சை வண்ணமும் புத்தம்புது பிளேடும் பூண்டு, மணப்பெண் போல் நின்றது அந்த இயந்திரம். எனக்குப் பிடித்துவிட்டது. தச்சரோ பிளேடை ஏறிட்டும் பார்க்கவில்லை, அது மாற்றக்கூடியதுதானே!

முதலில் மின்சாரத்தை அடியோடு துண்டித்தார். பிளேடைக் கையால் பற்றி அசைத்து, பேரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஒரு பல்லைச் சாக்கட்டியால் குறித்து, மேசையின் நீளப் பள்ளத்திலிருந்து அதற்குள்ள தூரத்தை அளந்தார். அதே பல்லைப் பின்புறம் சுழற்றி மீண்டும் அளந்தார். இரண்டும் ஒத்திராவிட்டால், பின்பக்கத்துப் பற்கள் மரத்தைக் கவ்வி, வேலை செய்பவன் மார்பை நோக்கி வீசிவிடுமாம்.

அடுத்து ஓடவிட்டார். மேசைமேல் செங்குத்தாக நிறுத்திய ஒரு ரூபாய் நாணயம் விழவில்லை. ஓடும்போதே மெயினை அணைத்து மறுபடி போட்டார். ரம்பம் தானாகச் சுழலவில்லை. மின்தடை நீங்கும்போது அது தானே கிளம்பினால் அருகில் நிற்பவன் கதி என்ன?

எல்லாம் சரி. ஆனால் பிளேடின் மேல்மூடியும், அறுத்த பிளவு மூடிக்கொள்ளாதபடி பின்னே நிற்கும் தகடும் இல்லை.

“பழகின கைக்கு அது இடைஞ்சலுங்க. வேணும்னா விலையைக் குறைச்சுக்கிறேன்” என்றார் விற்பவர்.

தச்சர் பதில் சொல்லாமல் தம் இடக்கையை மேசைமேல் வைத்தார். சுட்டுவிரலில் மேற்கணு இல்லை. இளமையில் வேறொரு பட்டறையில் போனது. இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு விதித்திருந்தது. எனினும் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்த பட்டறைகள் பொதுவாக அதன் வரம்புக்குள் வரவில்லை. நான்கு பேர் வேலை செய்த இடத்தை எந்த அதிகாரி எட்டிப்பார்த்திருப்பார்?

“விலை குறைக்க வேணாங்க. மூடி இருந்தா எடுத்துக்கிறேன், இல்லேன்னா வேணாம். என் மகனும் இதுலதான் நிக்கப்போறான்.”

விற்பவர் சற்று நேரம் முகம் சுளித்தார். பிறகு மரத்தூள் மூட்டைகளுக்குப் பின்னால் நெடுநேரம் துழாவி, துருவேறிய இரண்டு இரும்புத் துண்டுகளை எடுத்து வந்தார். தச்சர் அவற்றை அதனதன் இடத்தில் பொருத்திப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணினார்.

திரும்பும்போது ரம்பம் டெம்போவின் பின்புறத்தில் கயிற்றால் கட்டப்பட்டு வந்தது. கழற்றிய மூடியையும் தகட்டையும் அவர் செய்தித்தாளில் சுற்றித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.