டிசம்பர் ஒன்றுக்குள் நான்கு டயர்!

நவம்பர் பிறந்துவிட்டால், கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் இரண்டு பேர் சந்தித்துக்கொள்ளும்போது மூன்றாவது பேச்சு இதுவாகத்தான் இருக்கும்: ‘‘டயர் மாத்தியாச்சா?’’

மேப்பிள் மரங்கள் கடைசி இலையையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். பழைய வீடுகளின் வெளிப்பக்கம் வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டுகளில் விடிகாலையில் உறைபனி படிந்திருக்கும். கராஜ் வாசல்களில் கார்கள் வரிசைகட்டும். உள்ளே கூரையைத் தொடும் உயரத்துக்கு டயர் அடுக்குகள். வாசலில் பிரெஞ்சு மொழியில் ‘ப்னூ திவேர்’ என்று பலகை. குளிர்கால டயர் என்று அர்த்தம். தீபாவளிக்கு முந்தைய வாரம் தி.நகர் ஜவுளிக்கடை எப்படியோ, நவம்பர் கடைசி வாரம் மான்ட்ரியலில் டயர் கடை அப்படி!

மலையும் மெட்ரோவும்

ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மீட்டர் பனி கொட்டுகிற ஊர் இது. நகரின் நடுவிலேயே 233 மீட்டர் உயரத்தில் மோன் ரோயால் மலை. அதன் சரிவில் ஏறி இறங்கும் ஒரு பெரிய சாலைக்குப் பெயரே ‘கோத் தெ நேஜ்’, பனிச்சரிவு!

இந்த ஊரின் மெட்ரோ ரயிலும் ரப்பர் டயரில்தான் ஓடுகிறது. 1966-ல் ஓடத் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். ஆனால், பாதை முழுக்கப் பூமிக்கடியில் இருப்பதால் அந்த டயர்கள் பனியைப் பார்ப்பதே இல்லை. மேலே ஓடும் கார்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

அதனால்தான் மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணம் 2008-ல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. முதலில் டிசம்பர் 15 முதல் மார்ச் 15 வரை என்று இருந்தது. 2019 முதல், டிசம்பர் 1-ம் தேதியே டயர் மாற்றி முடித்திருக்க வேண்டும். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். பக்கத்து ஒன்டாரியோவில் இப்படிச் சட்டம் இல்லை. ஆனால், குளிர்கால டயர் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் 2016 முதல் தள்ளுபடி தர வேண்டும்.

தேதியை ஏன் முன்னால் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால், மான்ட்ரியல்வாசிகள் பலருக்கு ஒரு வீடியோ நினைவுக்கு வரும். 2016 டிசம்பர் 5. நகர மையத்தில் பீவர் ஹால் சரிவு. காலையில் விழுந்த பனியில் பேருந்து, கார், போலீஸ் வாகனம், கடைசியில் பனி அகற்றும் வண்டிகூட ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகச் சறுக்கிவந்து மோதின. உலகமே பார்த்துச் சிரித்தது. அந்தச் சரிவில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதைய சட்டப்படி டயர் மாற்ற இன்னும் பத்து நாள் இருந்தது!

700 டாலர் குடும்பம்

கோத் தெ நேஜ் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி. இரண்டு குழந்தைகள். இது அவர்களுக்கு முதல் குளிர்காலம். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஷிஃப்ட் ஆறரைக்கு. அதற்காகவே பழைய கார் ஒன்றைக் கோடையில் வாங்கினார்கள். விலை மலிவாக இருந்ததற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. காரோடு வந்தது கோடை டயர் மட்டும்தான்.

குழந்தைகளுக்குக் கம்பளிக் கோட்டு, பூட்ஸ் வாங்கியபின் கையில் மிஞ்சியது 700 டாலர். கடையில் விசாரித்தால், காரில் இருக்கும் 16 அங்குல அளவுக்குப் புது டயர் ஒன்று 130 டாலர். பொருத்துக் கூலி நான்குக்கும் 100. மேலே கிட்டத்தட்ட 15 சதவிகித வரி. கூட்டிப் பார்த்தால் 713!

‘‘முன்னாடி ரெண்டுக்கு மட்டும் போட்டா போதாதா? இன்ஜின் முன் சக்கரத்தைத்தானே இழுக்குது’’ என்றார் கணவர்.

ஊரில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அவருடைய அப்பா வீடியோ காலில் இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘‘ரப்பருக்குமா குளிரும்?’’ என்று சிரித்தார்.

விளையாட்டாகக் கேட்டாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. ரப்பருக்குக் குளிரும்! வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். இறுகிய ரப்பர் சாலையைக் கவ்வாது, வழுக்கும். குளிர்கால டயரின் கலவை உறைகுளிரிலும் நெகிழ்ந்தே இருக்கும்படி தயாராகிறது. அதன் மேற்பரப்பில் பிளேடால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அந்த ஓரங்கள்தான் பனியைப் பற்றிக்கொள்கின்றன. ஆகவே, இந்த டயர் பனிக்கு மட்டுமல்ல, குளிருக்கும் சேர்த்துத்தான். சாலை காய்ந்து கிடந்தாலும் கோடை டயர் அந்தக் குளிரில் சரியாக நிற்காது.

கரிபூ மானின் மூக்கு

அதே கட்டடத்தின் கீழ்த் தளத்தில் இருப்பவர், முப்பது வருடங்களுக்கு மேல் மான்ட்ரியலில் டாக்ஸி ஓட்டி ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர். அவரிடம்தான் கணவர் முதலில் போய் நின்றார். கையில் ஒரு ‘நல்ல செய்தி’. யாரோ பழைய குளிர்கால டயர் நான்கை 200 டாலருக்குத் தருகிறார்களாம்.

‘‘காசைக் குடுக்க முதல் ஒருக்காப் பாப்பம் தம்பி’’ என்று கூடவே வந்தார் பெரியவர்.

சட்டைப் பையிலிருந்து 25 சென்ட் நாணயத்தை எடுத்தார். அதில் கரிபூ மானின் தலை இருக்கும். நாணயத்தைத் தலைகீழாக டயரின் பள்ளத்தில் செருகினார். மானின் மூக்கு நுனி பள்ளத்துக்குள் மறைந்தால் ஆழம் போதும். மூக்கு வெளியே தெரிந்தால் அடுத்த குளிர்காலத்துக்கு அந்த டயர் ஆகாது. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லி மீட்டர்தான். ஆனால், பனிச்சாலையில் 4 மில்லி மீட்டருக்குக் கீழே தேய்ந்ததை நம்பக்கூடாது.

மூக்கு மறைந்தது. கணவர் முகம் மலர்ந்தது.

பெரியவர் அடுத்து டயரின் பக்கவாட்டைத் தடவினார். டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 1214. அதாவது 2014-ம் ஆண்டின் 12-வது வாரத்தில் தயாரான டயர். அருகில் மயிரிழை போல வெடிப்புகள். நகத்தால் அழுத்தினால் உள்வாங்கவில்லை. அதோடு, ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்து மட்டும்தான் இருந்தது. மூன்று சிகர மலையும் அதன் நடுவே பனிச்செதிலும் உள்ள சின்னம் இல்லை. 2014 டிசம்பரிலிருந்து அந்தச் சின்னம் இல்லாத டயரை, ஆணி பதித்ததைத் தவிர, கியூபெக் சட்டம் குளிர்கால டயராக ஏற்பதில்லை. ‘ஆல் சீசன்’ என்று பெயர் இருப்பதாலும் பயனில்லை. ‘ஆல் வெதர்’ வகையில் அந்தச் சின்னம் இருந்தால் செல்லும்.

‘‘ஐயா, அப்போ முன்னாடி ரெண்டு மட்டும் புதுசு...’’ என்று இழுத்தார் கணவர்.

‘‘ரெண்டு போட்டா முன்பக்கம் நிக்கும் தம்பி. பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு போகும். நாலும் ஒண்டாப் போடோணும்’’ என்றவர், மனைவியின் பக்கம் திரும்பினார். ‘‘பிள்ளை, ரப்பரிலை காசு மிச்சம் பிடிக்காதேங்கோ. இரும்பிலை மிச்சம் பிடியுங்கோ.’’

இரும்பில் மிச்சம்

அதன் பொருள் மறுநாள் பார்க் எக்ஸ்டென்ஷனில் விளங்கியது. ஜான் டாலோன் சாலையும் அதன் சுற்றுவட்டமும் தெற்காசியர்கள் நிறைந்த இடம். புடவைக் கடை, மளிகைக் கடை, சமோசா வாசனை. பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன கராஜ். பழைய கார்களிலிருந்து கழற்றிய ஸ்டீல் ரிம்களை அங்கே குவித்து வைத்திருந்தார்கள்.

கதவைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத் தூணில் ஒரு ஸ்டிக்கர். அதில் காரின் டயர் அளவு, 205/55 ஆர் 16. ‘‘இதுக்கு 195/65 ஆர் 15 போடலாம்’’ என்றார் மெக்கானிக். ரிம் ஓர் அங்குலம் சிறிது, ரப்பர் சுவர் உயரம். மொத்த வட்டம் கிட்டத்தட்ட அதேதான். ஸ்பீடாமீட்டர் ஏமாற்றாது. பிரேக் பாகம் உள்ளே இடிக்காமல் இருக்கிறதா, நட்டுத் துளைகள் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அகலம் குறைந்த டயர் பனியை வெட்டிக்கொண்டு இறங்கும். விலையும் குறைவு.

கணக்கு இப்படி வந்தது. அதிகம் விளம்பரம் இல்லாத பிராண்டில், மலைச் சின்னம் உள்ள புது டயர் நான்கு, தலா 105 வீதம் 420 டாலர். பழைய ஸ்டீல் ரிம் நான்கு, தலா 30 வீதம் 120. பொருத்தி பேலன்ஸ் செய்ய 60. ஆக 600. வரி 89 டாலர் 85 சென்ட். மொத்தம் 689 டாலர் 85 சென்ட். பத்து டாலர் மிச்சம்!

ரிம்மை மட்டும் பழையதாக வாங்கலாமா? வாங்கலாம். துரு மேலோட்டமாக இருந்தால் தவறில்லை. வளைந்திருக்கக் கூடாது. பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மைச் சுழலவிட்டாலே ஆட்டம் தெரிந்துவிடும். நான்கில் ஒன்று ஆடியது. மனைவி கேட்டு, வேறொன்றை மாற்ற வைத்தார்.

தனி ரிம் இருப்பதன் லாபம் அதோடு முடிவதில்லை. டயரை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டும் வேலை இல்லாததால் ஒவ்வொரு வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கூலி மிச்சம். ஜாக்கி இருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாம். சாலையில் தூவும் உப்பு அரிப்பதும் அந்தப் பழைய இரும்பைத்தான். காரோடு வந்த நல்ல ரிம்மை அல்ல.

இன்னும் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள், சீசன் முடியும் நேரத்தில், மார்ச் ஏப்ரலில், கடைகள் இருப்பைத் தள்ளிவிடும்போது வாங்குகிறார்கள். பொருத்துவதற்கு அக்டோபரிலேயே நேரம் குறித்துவிடுகிறார்கள். குளிர்காலத்தில் கியூபெக் போகும் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே பதிவான வாடகைக் காருக்கும் இதே சட்டம்தான். இருந்தாலும், சாவியை வாங்கும்போது டயரில் மலைச் சின்னத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் பனி

ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டியது. அதிகாலை ஐந்தரைக்கு மனைவி கீழே இறங்கியபோது தெருவே தெரியவில்லை. காரைத் துடைப்பத்தால் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தூரத்தில் ஒரு சைரன். பனி அள்ளும் வண்டிகள் வருமுன், தெருவோரம் நிற்கும் கார்களை எடுக்கச் சொல்லிச் சுற்றிவரும் இழுவை வண்டி அது. அள்ளிய பனியில் ஒரு பகுதியை வடக்கே பிராங்கோன் என்ற பழைய கல்குவாரியில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அந்தக் குவியல் உருகிமுடியக் கோடை வந்துவிடும்.

கோத் தெ நேஜ் சாலையின் இறக்கத்தில் சிக்னல் சிவப்பாக மாறியது. எதிரே குறுக்குச் சாலையில் ஒரு பேருந்து. பெரியவர் சொன்னது ஞாபகம் வந்தது. நல்ல டயர் என்றாலும் பனியில் நிற்கத் தூரம் வேண்டும், முன்கூட்டியே மெதுவாக மிதிக்க வேண்டும். மிதித்தார். காலடியில் ஏபிஎஸ் படபடவென்று அதிர்ந்தது. கார் நேராகவே போய், கோட்டுக்கு ஒரு கார் நீளம் முன்னால் நின்றது. பேருந்து கடந்து போனது. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கை வியர்வையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார்.

மாலையில் வீடு திரும்பும்போது பெரியவர் வாசற்படியில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார்.

‘‘கார் நின்னுச்சு ஐயா’’ என்றார் அவர்.

‘‘நிக்கும் பிள்ளை. நூறு கிலோமீற்றர் ஓடியிட்டுதோ? அப்ப சக்கர நட்டை இன்னொருக்கா இறுக்கிப் பாக்கோணும். காத்தையும் பாருங்கோ, குளிர் கூடக்கூட இறங்கும். தம்பியைச் சாவியோடை வரச் சொல்லுங்கோ.’’

கணவர் வீல் ஸ்பேனரோடு இறங்கி வந்தார். நான்கு சக்கரத்துக்கும் நட்டுகளைச் சரிபார்த்தார்கள். இரண்டு நட்டு, கால் சுற்று இறுகியது.