மூன்று கழிகளும் ஒரு பாடும்

பிரெஞ்சு வகுப்பின் முதல் மாதத்திலேயே வந்துவிடுகிற சொல் 'த்ராவாய்'. வேலை என்று அர்த்தம். ஸ்பானிய மொழியில் 'த்ரபாஹோ', போர்த்துக்கீசியத்தில் 'த்ரபால்யு'. கேட்டாலே அக்கா தங்கச்சி என்று தெரிந்துவிடும். தாய் யார் என்பதுதான் கதை.

அகராதிகள் பெரும்பாலும் கைகாட்டுவது லத்தீனின் 'த்ரிபாலியும்' என்ற சொல்லை. மூன்று கழிகளால் ஆன வதைக் கருவி. 6ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சின் ஓசேர் நகரில் கூடிய திருச்சபை மன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களை அதில் வதைக்கும்போது குருமார் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று விதித்தது. லாடம் அடிப்பதற்காக மாட்டையும் குதிரையையும் அசையவிடாமல் நிறுத்தும் மரச்சட்டத்துக்கும் பிரெஞ்சில் 'த்ராவாய்' என்றே பெயர். உத்தரக்கட்டையைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லுக்கும் இந்தப் பிறப்பில் பங்கு உண்டு என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு விஷயம். கற்றவர்களின் லத்தீனில் உழைப்புக்கு 'லாபோர்' என்ற கௌரவமான சொல் இருந்தது. இத்தாலியன் வேலையைச் சொல்ல அதன் வழிவந்த 'லவோரோ'வை வைத்துக்கொண்டது. மற்ற மூன்று மொழிகளுக்கும் மூலமாகச் சொல்லப்படும் 'த்ரிபாலியாரே' என்ற வினைச்சொல், அதாவது வதைப்பது, செவ்வியல் லத்தீன் ஏடுகளில் கிடையாது. மகள்மொழிகளை வைத்து மீட்டெடுத்த சொல் என்பதால் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறார்கள். எழுதத் தெரியாத வாய்களில் வாழ்ந்த சொல் அது. முதலில் வதை, பிறகு சிரமம், கடைசியில் வெறும் வேலை.

பழைய பொருள் முழுசாகப் போய்விடவும் இல்லை. இத்தாலியனில் 'த்ரவால்யோ' என்றால் வேதனை; பிரசவ வலிக்கும் அதே சொல். பிரெஞ்சு மருத்துவமனையில் வலி எடுத்த பெண்ணைக் கொண்டுபோகும் அறைக்கு 'சால் த த்ராவாய்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால், வேலை அறை. பெண்ணின் வலியை வேலை என்று ஒத்துக்கொண்ட ஒரே இடம் அதுதானோ என்று தோன்றும்.

இதே தடத்தில் நம்மிடமும் ஒரு சொல் நடந்திருக்கிறது: பாடு. 'என்ன பாடு பட்டேன்' என்றால் துன்பம். பாடுபட்டுச் சம்பாதித்தால் உழைப்பு. பாடுபடுகிறவன் பாட்டாளி. தவக்காலத்தில் எங்கள் கோவிலில் ஆண்டவரின் பாடுகளைத் தியானிப்போம். அதே வாரம் கடற்கரையில், "இன்னைக்குப் பாடு எப்படி?" என்று கேட்டால் எவ்வளவு மீன் கிடைத்தது என்று அர்த்தம். பட்டதும் கிடைத்ததும் ஒரே சொல்லில்.

அம்மா முப்பது வருஷம் தலையில் கூடை சுமந்து மீன் விற்றாள். அவளை 'வேலைக்குப் போகிறவள்' என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. எந்தப் படிவத்தை எடுத்தாலும் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்றுதான் இருக்கும். கழுத்து நரம்பு இழுத்துக்கொள்கிறது என்று போனால் டாக்டர்கூட, "வீட்டுல வெயிட் தூக்காதீங்கம்மா" என்பார். அவளும் வேலை என்று சொன்னதில்லை. "எம்பாடு எனக்கு" என்பாள், அவ்வளவுதான்.

போன மாதம் ஊருக்குப் போனபோது இந்த மூன்று கழிக் கதையை அவளிடம் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அங்கயும் பாடுதானா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "சரி, கூலி ஒழுங்கா குடுத்தாங்களாமா?"