ஐந்து ஸ்வரக் குழல்

இரவு பத்து மணிக்கு மேல் 'ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்'. 1961 செப்டம்பரில், நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவான, யூசுஃப் லத்தீஃபின் ஜாஸ் ஆல்பம். முதல் உருப்படி 'தி பிளம் பிளாஸம்'. லத்தீஃப் உருண்டையான ஒரு சீனக் குழலை ஊதுகிறார். அதில் மொத்தமே ஐந்து ஸ்வரம். கூட வாசிக்கும் எர்னி ஃபாரோ அடியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப மீட்ட, குழலில் முதலில் காற்று கேட்கிறது, அதன் பிறகுதான் ஸ்வரம். அந்த ஐந்தைத் தாண்ட வேண்டும் என்ற தவிப்பே அவரிடம் இல்லை. பிறகு வரும் பேரி ஹாரிஸின் பியானோவும் அந்த அடக்கத்தைக் கலைப்பதில்லை.

*

லத்தீஃப் வாசித்த வாத்தியங்கள்: டெனர் சாக்ஸபோன், புல்லாங்குழல், ஓபோ, பஸூன், ஷெனாய், அரபு நாட்டு அர்குல். பட்டியல் நீளமாக இருந்ததே அவருக்குப் பகையாகிவிட்டது. விநோத வாத்தியம் சேர்ப்பவர் என்று ஒதுக்கினார்கள். பெரிய அநியாயம் இது. இந்த ஆல்பத்தின் 'ஸ்நாஃபூ'வில் அவருடைய டெனரைக் கேட்டவர் அப்படிச் சொல்ல மாட்டார். கனமான, தழைந்த டெட்ராய்ட் தொனி அது.

*

ஓபோ பற்றித் தனியாக எழுத வேண்டும். நாதஸ்வரம் போலவே இரட்டை நாணல் வாத்தியம். சீவாளியின் குணம் தெரிந்தவர்களுக்கு அதன் பிடிவாதமும் புரியும். சிம்பொனியில் அத்தனை பேரும் சுருதி சேர்க்க ஸ்வரம் கொடுப்பது ஓபோதான். அசையாமல் நிற்பதற்கென்றே பழக்கப்பட்ட அந்தக் குரலில் 'ப்ளூஸ் ஃபார் தி ஓரியன்ட்' வாசிக்கிறார். ஸ்வரத்தை வளைக்கிறார், நழுவவிடுகிறார், தேம்பவைக்கிறார். ஜாஸில் ஓபோவை இப்படிப் பேசவைத்தவர் வேறு யாரையும் நான் கேட்டதில்லை.

'ஸ்பார்டகஸ்' படத்துக்காக அலெக்ஸ் நார்த் எழுதிய காதல் மெட்டும் இதே ஆல்பத்தில், ஓபோவில்தான். மூன்று எண்ணிக்கை நடை. மெட்டை அலங்கரிக்கவே இல்லை. வரி முடிகிற இடத்தில் நாதம் மெலிந்துகொண்டே போவதைக் கவனிக்க: நிறுத்துவதில்லை, தானாக அடங்கவிடுகிறார். நான் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்துக் கேட்பது அந்த ஒரு இடத்துக்காக. (ஜப்பானிய இசையமைப்பாளர் நுஜாபெஸ் பல ஆண்டு கழித்து இந்தப் பதிவிலிருந்து எடுத்து ஒரு பாட்டுக் கட்டினார். அந்த வழியாக லத்தீஃபிடம் வந்து சேர்ந்த இளைஞர்கள் நிறைய.)

*

ஐம்பதுகளில் லத்தீஃப் டெட்ராய்டில் கிரைஸ்லர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தொடர்ந்து இசைத்தட்டு போடுவதென்றால் தன் இசைக்கு இன்னும் விரிந்த களம் வேண்டும் என்று நூலகத்துக்குப் போய்ப் பிற நாட்டு இசைகளைப் படித்தார். கூட வேலை பார்த்த சிரியாக்காரர் ஒருவர் ரபாப் என்ற தந்தி வாத்தியத்தைப் பற்றிச் சொன்னார். 1957இல் பதிவான 'தி சவுண்ட்ஸ் ஆஃப் யூசுஃப்' தட்டில் அந்த ரபாபோடு பலூனும் செவன்-அப் பாட்டிலும்கூட வாத்தியங்கள். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் கிழக்கத்திய இசைப் பக்கம் திரும்பியதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த 1957க்கு ஒரு வரியாவது ஒதுக்க வேண்டும்.

*

'ஜாஸ்' என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. உடல், மனம், ஆன்மா மூன்றிலிருந்தும் எழுவது என்ற பொருளில் தன் இசைக்கு 'ஆட்டோஃபிசியோசைக்கிக்' என்று பெயர் வைத்தார். நாக்கில் புரளாத சொல்தான். 'தி பிளம் பிளாஸம்' கேட்ட கையோடு சொல்லிப் பார்த்தால் எனக்கு அது பொருந்துகிறது.

1980களில் நைஜீரியாவின் ஸாரியா நகரில் சில ஆண்டுகள், பிறகு மாஸசூசெட்ஸில் பேராசிரியர் வேலை. 2013 டிசம்பரில் காலமானபோது வயது 93.

*

நாளைக்கு: இதே ஆல்பத்தில் உள்ள 'தி ரோப்' படத்தின் மெட்டு. அதில் ஓபோ இல்லை, புல்லாங்குழல். ஸ்பார்டகஸுக்கு ஓபோ, இதற்கு ஏன் குழல்? இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்க வேண்டும்.