வரிக்கு நடுவே ஒரு லெட்

எனக்கு வலைப்பக்கம் செய்யக் கற்றுக்கொடுத்தவர் கம்ப்யூட்டரைத் தொட்டவர் அல்ல; ஈய எழுத்து கோத்தவர். திருத்தணிக் கடைத்தெருவில் ஒரு சின்ன அச்சகம். ஒரு ட்ரெடில் மெஷின், சுவரோரம் எழுத்து கேஸ்கள், மூலையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள். பள்ளி விடுமுறையில் ப்ரூஃப் பார்க்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். ஸ்டிக்கில் வரி கோத்து முடித்ததும் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவார். இரண்டு வரிக்கு நடுவே வைக்கும் ஈயத் தகட்டை நாங்கள் ‘லெட்’ என்போம். அது போதவில்லை என்றால் அந்தத் தடவலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

“மேல் வரியில ‘கு’ காலை நீட்டுது, கீழ் வரியில ‘கீ’ கொண்டையைத் தூக்குது. ரெண்டுக்கும் மூச்சு விட இடம் வேணாமா? ஒரு லெட் போடுப்பா.”

இன்று சிஎஸ்எஸ்ஸில் லைன் ஹைட் என்று நான் எழுதுவது அந்த லெட்டைத்தான். ஆங்கிலத்துக்கு ஒன்றரை போதும். தமிழுக்கு 1.7-க்குக் கீழே நான் இறங்குவதில்லை. தெலுங்குக்கு அதற்கும் மேலே. என்னிடம் வலைப்பக்கம் செய்யக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதல் நாளே வண்ணத்தைப் பற்றியும் ஸ்லைடரைப் பற்றியும் கேட்பார்கள். ஒரே ஒரு பத்தியை வெறும் கறுப்பு எழுத்தில் போட்டு, படிக்கிறவர் கண் தடுக்காமல் இறங்குகிறதா பார் என்பேன். அதற்கே ஒரு வாரம் ஆகும்.

தெலுங்கைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊர் ஆந்திரத்தில் இருந்தது. எல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ம.பொ.சி. இளமையில் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் அச்சுக் கோத்தவர். அதைச் சொல்லும்போதெல்லாம் மாஸ்டர் முகம் மலரும். எல்லை மாறினாலும் வருகிற சனம் மாறவில்லை. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து காவடி எடுத்து வருகிறவர்களுக்குத் தெலுங்கில்தான் படிக்க வரும். அதனால் இங்கே ஒரு லாட்ஜுக்கோ பூக்கடைக்கோ பக்கம் செய்தால் இரண்டு மொழியும் வேண்டும். தமிழ் எழுத்து பக்கவாட்டில் பரவும். தெலுங்கு எழுத்து கீழே இறங்கும். ஆரம்பத்தில் இரண்டுக்கும் ஒரே உயரத்தில் பெட்டி கட்டி, மிஞ்சியதை மறைத்துவிட்டேன். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, “தம்பி, எழுத்துக்கு அடியில வர்ற ஒத்து எல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சே, இதை எப்படிப் படிக்கிறது?” என்று கேட்டார். அன்றிலிருந்து எழுத்து இருக்கும் பெட்டிக்கு நான் உயரம் குறிப்பதே இல்லை. எழுத்து தனக்கு வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளட்டும்.

என் முதல் பக்கம் ஒரு லாட்ஜுக்கு. பாமினி எழுத்துருவில் அடித்து ஏற்றினேன். என் கம்ப்யூட்டரில் கண்ணாக இருந்தது. லாட்ஜ்காரர் தன் வீட்டில் திறந்து பார்த்துவிட்டு ஓடி வந்தார். ‘தமிழ்’ என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் நின்றிருக்கிறது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்துக் கட்டிய எழுத்துரு அது; எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழும் இல்லை. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு குறியீடு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டைப் பரிந்துரைத்தார்கள். இணையத்தில் எழுதுகிறவர்களோ டிஸ்கி என்ற இன்னொரு குறியீட்டில் இருந்தார்கள். யூனிகோடு வந்து நிலைத்த பிறகுதான் எங்களுக்கு இரவில் தூக்கம் வந்தது.

பழைய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்ற நானே ஒரு நிரல் எழுதினேன். பாமினியில் கொம்பை முதலில் அடித்து, பிறகு எழுத்தை அடிப்போம். கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால். திரையில்தான் அது முன்னால் வந்து நிற்கும். இதை நான் மறந்ததில் ‘வேல்’ என்பது ஒரு புள்ளி வட்டத்தின் மேல் ஒட்டிய கொம்பும், தனியே ஒரு ‘வல்’லுமாகப் பிரிந்து கிடந்தது. முருகன் ஊரில் வேலே உடைந்து நின்றதைப் பார்த்து மனம் பதைத்துவிட்டது. இரவோடு இரவாக நாற்பது பக்கத்தையும் கையால் திருத்தினேன். அதனால்தான் வரிசை இன்றைக்கும் விரலில் இருக்கிறது.

இன்னொன்று, ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம். அறை முன்பதிவுப் படிவம் ஒன்று செய்து கொடுத்திருந்தேன். பக்கம் யுடிஎஃப்-8இல் இருந்தது. பின்னால் இருந்த டேட்டாபேஸ் பழைய லத்தீன் குறியீட்டில் இருந்ததை நான் பார்க்கவில்லை. தமிழில் பெயர் எழுதியவர்கள் அத்தனை பேரும் கேள்விக்குறிகளாகி உட்கார்ந்திருந்தார்கள். கேள்விக்குறியாக ஒருமுறை பதிந்துவிட்டால் திரும்ப எடுக்க வழியே கிடையாது. ‘தமிழ்’ என்று எழுத ஐந்து குறிகள், குறிக்கு மூன்று பைட், ஆகப் பதினைந்து பைட். அதைப் பிடித்துவைக்கப் பாத்திரம் சரியாக இருக்க வேண்டும். நல்லவேளை, போன் எண்கள் எண்களாகவே இருந்தன. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, “ஐயா, உங்க பேரை இன்னொரு தடவை சொல்றீங்களா?” என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. இப்போது எந்தப் படிவம் செய்தாலும் முதலில் ‘ஸ்ரீ’, ‘ஔவை’, ‘கொற்றவை’ என்று மூன்று சொல்லை உள்ளே அனுப்பி, அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பேன். ஔ-வை ஒ, ள என்று இரண்டாக அடிக்கிறவர்கள் நிறைய. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்; தேடினால் அகப்படாது.

தலைப்புக்கு லெட்டர் ஸ்பேசிங் கொடுக்காதீர்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளை அகட்டி வைத்தால் அழகு. தமிழில் அகட்டினால் சொல் உதிரி உதிரியாக நிற்கும். தடித்த எழுத்து வேண்டுமானால் தடித்த வடிவம் உள்ள எழுத்துருவையே எடுங்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேடமரனில் ஒன்பது தடிமன் உண்டு. நோட்டோவிலும் வேண்டிய அளவு இருக்கிறது. இல்லாத தடிமனைக் கேட்டால் பிரவுசர் இருப்பதையே பூசித் தடிப்பாக்கும். ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஈய எழுத்து தேய்ந்து மை அடைத்துக்கொண்டால் மாஸ்டர் அந்த எழுத்தைத் தூக்கி உருக்கும் டப்பாவில் போட்டுவிடுவார். “ண-வுக்கும் ன-வுக்கும் வித்தியாசம் தெரியலைன்னா, அது எழுத்தே இல்ல.”

பக்கத்தை முடித்ததும் நான் மலைக்குப் போவேன். 365 படி. நடுப்பகல், நல்ல வெயில், கையில் இருப்பதிலேயே பழைய போன். என் கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது நாகரிகமாகத் தெரிந்த சாம்பல் எழுத்து, படியில் நின்றால் காணாமல் போகும். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு இருக்க வேண்டும் என்பது இணையத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கு. எனக்கு அதைச் சொன்னது படிக்கட்டு வெயில். திருவிழா நாளில் சிக்னல் இழுக்கும். பெரிய படம் வைத்த பக்கம் பாதியில் நிற்கும். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு கையால் போனைப் பிடித்திருப்பவருக்கு அறை வாடகையும் போன் எண்ணும் முதலில் வர வேண்டும். கோபுரப் படம் பிறகு வரட்டும். கோபுரத்தையே அவர் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்.

ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நாளுக்கு ஒரு குறிப்பு: என்ன தப்பு, எங்கே தெரிந்தது, எப்படிச் சரியானது. வேலையில்லாத நாளில் பழைய பக்கம் ஒன்றைத் திறந்து பார்ப்பேன். ஏதாவது ஒன்று எழுந்து வரும். இருபது வருடத்தில் பதினான்கு நோட்டு ஆகிவிட்டது. படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பாடப்புத்தகம் அதுதான்.

போன தை மாதம் மாஸ்டரைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். நான் செய்த பக்கம் ஒன்றைப் போனில் காட்டினேன். கையை நீட்டித் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் திரையைத் தடவினார், பக்கம் நகர்ந்துவிட்டது, பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்.

“லெட் சரியா இருக்கு. ஆனா நடுவுல வர்ற இங்கிலீஷ் ஒரு பாயிண்ட் பெரிசா நிக்குதே?”

கடைக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகள் வேறொரு எழுத்துருவிலிருந்து வந்துகொண்டிருந்தன. தமிழைவிடக் கொஞ்சம் உயரம். ஐந்து மாதமாக நானும் என் பையன்களும் தினமும் பார்த்த பக்கம். எழுத்துரு அறிவிப்பில் சைஸ் அட்ஜஸ்ட் சேர்த்துக் குறைத்தேன். நோட்டில் எழுதினேன்: “இங்கிலீஷ் ஒரு பாயிண்ட் பெரிசு. மாஸ்டர் சொன்னது.”