வளர்த்தவர்கள் வரும் வீடு

மிச்சிகனில் மே மாதக் கடைசி வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு, வீட்டு முன் புல்வெளிகளில் பலகைகள் முளைத்துவிடும். பிள்ளையின் பெயர், பள்ளியின் நிறம், படித்து முடித்த ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீடு இது, ஜூனிலோ ஜூலையிலோ ஒரு சனி ஞாயிறில் இங்கே விருந்து உண்டு என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தெரிந்துவிடும். அழைப்பிதழில் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை என்று போட்டிருப்பார்கள். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். சாப்பிட்டுவிட்டு, பிள்ளையிடம் நாலு வார்த்தை பேசி, வாழ்த்து அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த வீட்டு விருந்துக்குக் கிளம்பலாம்.

நோவை, ட்ராய், கேன்டன் என்று டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் குடியேறிய தமிழர்கள் இந்த வழக்கத்தை அக்கம்பக்கத்தாரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். நம் ஊர் விசேஷங்கள் உறவைச் சுற்றி நடப்பவை. தாய்மாமன் எங்கே நிற்பார், அத்தை என்ன செய்வார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே அந்த உறவுகளெல்லாம் கடல் கடந்து இருக்கிறார்கள். ஐந்து வயதில் கிண்டர்கார்ட்டனில் விட்ட பிள்ளையைப் பதின்மூன்று வருஷம் கூட இருந்து வளர்த்தவர்கள் வேறு ஆட்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியை, பனிக்காலத்து விடியற்கால இருட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், நீச்சல் பயிற்சியாளர், நாங்கள் வேலையிலிருந்து வரத் தாமதமானால் பிள்ளையைத் தங்கள் வீட்டில் உட்காரவைத்துச் சாப்பிடக் கொடுத்த எதிர்வீட்டுப் பெரியவர்கள். இந்த விசேஷத்துக்கு உறவுமுறை இவர்கள்தான்.

எங்கள் மகளின் விருந்துக்கு வீட்டைத் தயார்செய்யத் தொடங்கியபோது இதைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பலூன் தோரணமும் படம் எடுக்கத் திரைச்சீலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வரப்போகிறவர்களை ஒவ்வொருவராக மனத்தில் வைத்துக்கொண்டு, வாசலிலிருந்து கொல்லைவரை ஒரு நடை நடந்து பார்த்தால் செய்யவேண்டிய வேலை தானாகத் தெரியும்.

முதலில் என் அம்மா. பேத்தி பட்டம் வாங்குவதைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்தார். முழங்கால் வலி அவருக்கு. வாடகைக்கு வரும் மடக்கு நாற்காலிகளுக்குக் கைப்பிடி கிடையாது. மழை பெய்த புல்தரையில் கால் புதைந்து ஒருபக்கமாகச் சாயும். அதனால் சாப்பாட்டு மேசையிலிருந்து கைவைத்த நாற்காலிகள் இரண்டை எடுத்துவந்து, கராஜின் சிமென்ட் தரையில் நிழலாகப் போட்டோம். ஒன்று அம்மாவுக்கு, இன்னொன்று எதிர்வீட்டுப் பெரியவருக்கு. அங்கே உட்கார்ந்தால் வருகிறவர்கள் எல்லாரையும் பார்க்கலாம். கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு படி.

பின்புறம் கூடாரம் போட எண்ணியிருந்தோம். முளை அடிப்பதற்கு முன் 811 என்ற எண்ணுக்குச் சொல்லியாக வேண்டும். நாடு முழுவதற்குமாக 2007-இல் நடைமுறைக்கு வந்த எண் இது. மிச்சிகனில் மூன்று வேலைநாள்களுக்கு முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். காசு கேட்க மாட்டார்கள். ஆட்கள் வந்து, மண்ணுக்கடியில் என்னென்ன போகிறது என்று புல்லின்மேல் நிறமடித்துச் சிறு கொடிகளை நட்டுவிட்டுப் போவார்கள். மஞ்சள் என்றால் எரிவாயு, சிவப்பு மின்சாரம், ஆரஞ்சு தொலைபேசி, இணையக் கம்பிகள், நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். எங்கள் தோட்டத்தில் மஞ்சள் கொடிகள், கூடாரத்தின் ஒரு கால் நிற்கவேண்டிய மூலைக்குப் பக்கத்திலேயே வரிசையாகப் போயின. கூடாரத்தை மேப்பிள் மரத்துப் பக்கம் தள்ளிப் போட்டோம்.

அடுத்தது சாப்பாடு. மூன்று மணிநேர விருந்தில் கடைசியாக வருகிறவருக்கும் முதலில் வந்தவருக்குக் கிடைத்த அதே சாப்பாடு கிடைக்க வேண்டும். சூடான பண்டம் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்தது 4 டிகிரிக்கு மேலே போகக் கூடாது என்பது இங்கே சொல்லப்படும் கணக்கு. அப்படி வைக்க முடியாவிட்டால் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணிநேரம்தான். ஆகவே பிரியாணியைப் பெரிய ட்ரேயில் மொத்தமாக வைக்காமல் சின்னச் சின்ன ட்ரேக்களாக உள்ளேயிருந்து கொண்டுவந்தோம். தயிர்சாதத்தை ஐஸ் நிரப்பிய தட்டின்மேல் வைத்தோம். சூடாக வைத்திருக்க மின்சார ரோஸ்டர் எடுக்கிறவர்கள், எந்தச் சாக்கெட் எந்த லைனில் இருக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. 120 வோல்ட், 20 ஆம்பியர் லைன் ஒன்று 2,400 வாட்தான் தாங்கும். 1,400 வாட் ரோஸ்டர் இரண்டை ஒரே லைனில் செருகினால் பிரேக்கர் விழுந்துவிடும்.

மகளின் தோழி ஒருத்திக்கு எள் ஒத்துக்கொள்ளாது. இந்த நாட்டில் உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்பதாவதாக எள்ளைச் சேர்த்து 2021-இல் சட்டம் வந்தது. 2023-இல் நடைமுறைக்கு வந்தது. நம் சமையலிலோ எள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். இட்லிப்பொடியில் எள், அதில் குழைக்கும் நல்லெண்ணெய். எலுமிச்சைச் சாதத்தில் வேர்க்கடலை, பொங்கலில் முந்திரி. கோதுமை ஆகாதவர்களுக்குக் கடைப் பெருங்காயத்தூள்கூட ஆகாது, பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். என் மனைவி ஒவ்வொரு ட்ரேக்கு முன்னும் என்னென்ன போட்டது என்று முழுதாக எழுதி வைத்தாள். அந்தப் பெண் அட்டைகளைப் படித்துக்கொண்டே யாரையும் எதுவும் கேட்காமல் தட்டை நிரப்பிக்கொண்டதைப் பார்த்தபோது, வீட்டிலேயே உருப்படியான அலங்காரம் அந்த அட்டைகள்தான் என்று பட்டது.

மற்ற வேலைகள் எல்லா வீட்டுக்கும் பொது. ஜூன் மாதத்தில் காட்டன்வுட் மரங்கள் இலவம்பஞ்சுபோலப் பறக்கவிடும் விதைகளைக் கூடாரத்திலிருந்தும் மேசையிலிருந்தும் பெருக்கித் தள்ள வேண்டும். கொசு முட்டையிடாமல் இருக்க, பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கிய தண்ணீரை வாராவாரம் கொட்ட வேண்டும். மழை வந்தால் எல்லாரும் உள்ளே நிற்க, கராஜ் காலியாக இருக்க வேண்டும்.

படப் பலகையை முழுக்க மகளிடமே விட்டோம். பதக்கப் படங்களை எடுத்து நடுவில் ஒட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தேடியதோ வேறு. இரண்டாம் வகுப்புப் படம் ஒன்றில், ஓரத்தில் பாதி முகம் மட்டும் விழுந்திருந்த பள்ளி நூலகரைக் கண்டுபிடித்து, அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து நடுவில் ஒட்டினாள். “எனக்கு முதல் புத்தகம் எடுத்துக் கொடுத்தது இவங்கதான்பா” என்றாள்.

விருந்தன்று அவளுக்கு ஒரே ஒரு வேலை வைத்திருந்தோம். வருகிற ஒவ்வொருவரையும் அப்பத்தாவிடம் கூட்டிக்கொண்டுபோய், இவர் யார், தனக்கு என்ன செய்தார் என்று தமிழில் சொல்ல வேண்டும். வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ் அதற்குப் போதுமானதாக இருந்தது. “அப்பத்தா, இவங்கதான் என் பஸ் டிரைவர். நான் ஓடிவர்றதைப் பார்த்துட்டா, கிளம்பாம நிப்பாட்டி வச்சிருப்பாங்க.” அம்மா அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நல்லா இருக்கணும்மா. எம்பேத்தியப் பத்திரமாக் கொண்டுபோய்க் கொண்டாந்து விட்டிருக்கீங்க” என்றார். மகள் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஐந்து மணியோடு முடிய வேண்டிய விருந்து. ஜூனில் இங்கே ஒன்பது மணிக்குப் பிறகுதான் பொழுது சாயும் என்பதால் பலர் இருந்து, நாற்காலிகளை மடக்கிக் கொடுத்துவிட்டே போனார்கள். அடுத்த ஆண்டு இப்படி ஒரு விருந்துக்கு வீட்டைத் தயார்செய்யப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். எத்தனை நாற்காலி, எத்தனை ட்ரே என்று கணக்குப் போடும்போதே, வருகிற ஒவ்வொருவரோடும் பிள்ளை நின்று பேச இடமும் நேரமும் ஒதுக்கிவிடுங்கள். ஆகஸ்டில் கல்லூரிக்குக் கிளம்பும் பிள்ளை, தன்னை வளர்த்தவர்கள் யார் யார் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டுக் கிளம்பட்டும்.