சருகு

இலை உதிர்வதை ரசிக்க எனக்கு நாற்பது வயசு ஆக வேண்டியிருந்தது.

எங்கம்மா பேரூராட்சியில் தெருக் கூட்டியவள். மாசி, பங்குனியில் பிள்ளையார் கோயில் அரசமரம் இலையைக் கொட்டும். கூட்டி நிமிர்வதற்குள் மறுபடியும் கிடக்கும். "பாழாப்போன மரம், ஒரேயடியாக் கொட்டித் தொலைச்சா என்ன" என்று வைவாள். கூட்டுகிற வரைக்கும் அந்த மேடை அவளுடையது. முடித்து உட்கார்ந்தால் அதட்டுவார்கள். லீவு நாளில் நானும் கூடை தூக்கியிருக்கிறேன். சருகு என்றால் எனக்கு இடுப்பு வலிதான்.

2021-ல் வேலை மாறி ஸ்ரீநகர் போனேன். அங்கே நசீம் பாக் என்று முகலாயர் காலத்துச் சினார்த் தோப்பு. இப்போது காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. சினார் இலை விரித்த கை மாதிரி. அக்டோபர் கடைசியில் மஞ்சள், பிறகு துரு நிறம், நவம்பரில் சுத்தச் சிவப்பு. அடியில் பொந்து விழுந்த ஒரு கிழட்டு மரம் எனக்கென்று ஆகிவிட்டது. ஞாயிறு தோறும் அதன் வேரில் உட்காருவேன். எந்தத் தெரு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வழியில் துப்பாக்கிக்காரர்கள் அட்டை கேட்பார்கள். என்னைவிட அந்த ஊர்க்காரர்களைத்தான் அதிகம் கேட்டார்கள்.

ஒருநாள் செல்போனில் அம்மாவுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இம்புட்டையும் யாருய்யா கூட்டுறது?"

திரும்பிப் பார்த்தேன். பொம்பளைகள் விளக்குமாறும் சாக்குமாக வந்திருந்தார்கள். சருகை எரியவிட்டு, பாதியில் தண்ணீர் தெளித்துக் கரியாக்கிக்கொள்வார்கள். குளிருக்கு அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்ரிச் சட்டிக்கு அந்தக் கரிதான்.

"அவுக வீட்டுக்குத்தாம்மா அள்ளுறாக."

"அப்பச் சரி."

எனக்கு அதோடு முடியவில்லை. ஊரை யார் கூட்டுகிறார்கள் என்று ஆபீசில் விசாரித்தேன். ஜம்முக் கதை வந்தது. 1957-ல் பஞ்சாபிலிருந்து வால்மீகி மக்களைத் துப்புரவுக்கென்றே கூட்டிவந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் பட்டம் வாங்கினாலும் மாநில அரசில் துப்புரவு வேலை மட்டும்தான். 2019 வரைக்கும் அப்படி. இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

லீவில் ஊருக்கு ஒரு இலை கொண்டுபோனேன். அம்மா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், கையைவிடப் பெரிசு. மாடத்தில் வைத்தாள். மறுநாள் வாசல் கூட்டும்போது காற்றில் அது கீழே கிடந்தது. குனிந்து அதை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டு மற்றதைக் கூட்டினாள்.