கைக்காசு போட்டு ஆடும் இரணியன்

கொல்லிமலைக்குக் காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐம்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். செம்மேட்டில் இறங்கினால் குதிரைமேல் வில்லோடு, இந்த மலையின் பழைய வள்ளல் வல்வில் ஓரி சிலையாக நிற்கிறான். அவனைப் பார்த்ததும் புறநானூற்றின் 153ஆம் பாட்டுதான் நினைவுக்கு வந்தது. வன்பரணரின் சுற்றத்தாரான கூத்தர்கள் ஓரியிடம் போனார்கள். குளத்தில் பூக்காத, மணி பதித்த குவளைப் பூக்களையும் யானைகளையும் அவன் அள்ளிக் கொடுத்துவிட்டான். பசி போயிற்று, கூடவே ஆட்டமும் பாட்டும் மறந்துபோயிற்று என்கிறார் புலவர்.

நான் தேடிப் போனவர்கள் நேர் எதிர். ஆடுவதற்குக் கையிலிருந்து காசு கொடுப்பவர்கள்.

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்றில் இருக்கும் சிற்றூர் அது. "ஊர்ப் பேரைப் போட்டுடாதீங்க சார், பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்" என்று கேட்டுக்கொண்டார்கள். மிளகு பறிப்பு முடிந்ததும் இரணியன் நாடகம் பழகத் தொடங்கி, சித்திரைத் திருவிழாவில் அரங்கேற்றம். தொழில்முறைக் கூத்தர் இங்கே ஒருவரும் இல்லை. குச்சிக்கிழங்கு போடுகிறவர்கள், பலாப்பழம் ஏற்றுகிறவர்கள், பிக்கப் ஓட்டுகிறவர் ஒருவர். ராசிபுரம் பக்கத்திலிருந்து வரும் வாத்தியாருக்கும் மேளக்காரர்களுக்கும் மட்டும்தான் சம்பளம். அதற்கும் மைக்செட்டுக்கும் வாடகை உடுப்புக்கும் பணம் வேண்டுமே. வேசத்துக்குத் தக்கபடி ஆளுக்கொரு தொகை. இரணியனுக்கு அதிகம், சேடிக்குக் குறைவு, கட்டியக்காரனுக்கு ஒன்றும் கிடையாது.

"அவருக்கு மட்டும் ஏன் இல்லை?"

"ராத்திரி முழுக்க அவன்தானே பேசணும் சார். அதுக்குக் காசும் கேட்டா ஓடிடுவான்."

வாத்தியாரின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். விருத்தம், தரு, வசனம் எல்லாம் நீல மையில் நெருக்கமாக. அவருடைய குரு சொல்லச் சொல்ல எழுதியதாம். எழுத்துப் பிழைகள் ஏராளம். ஆனால் பாடும்போது ஒரு பிழையும் காதில் விழவில்லை. எழுதப் படிக்கச் சிரமப்படும் இரண்டு பேருக்கு அவர் வாயாலேயே ஊட்டினார். அவர்கள்தான் முதலில் மனப்பாடம் செய்தவர்கள்.

அரங்கேற்றத்தன்று மாலை ஆறு மணிக்கே பள்ளிக்கூடத் திண்ணையில் வேசம் கட்ட உட்கார்ந்துவிட்டார்கள். முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முதல் பூச்சு, அதன்மேல் சிவப்பு, பிறகு மீசையும் புருவமும். தென்னங்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி வாத்தியாரே புள்ளி வைத்தார். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. லேசான மரம், விடிய விடியச் சுமக்க வேண்டுமல்லவா? கண்ணாடிச் சில்லுகளையும் ஜிகினாத் தாளையும் ஒட்ட இப்போது ஃபெவிகால்தான். புஜக்கட்டையைத் தோளில் கயிறு போட்டு இறுக்கியபோது இரணியன் பல்லைக் கடித்தார். "தளர்ந்தா ஆடுறப்ப மூஞ்சிலேயே அடிக்கும்" என்று வாத்தியார் இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

இரணியனின் மனைவி லீலாவதிதான் அந்தப் பிக்கப் ஓட்டுநர். அவர் கட்டியது வீட்டுக்காரம்மாவின் கல்யாணப் பட்டு. அந்த அம்மா கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே, "ஜரிகையில மை பட்டுச்சு, அவ்வளவுதான்" என்றார். லீலாவதி பயபக்தியோடு தலையாட்டினார்.

பத்து மணிக்குப் பனி இறங்கியது. மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சத்தம் சப்பென்று வர, மேளக்காரர் வாரைத் தட்டித் தட்டி இழுத்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேர் வேட்டியைத் திரையாகப் பிடிக்க, பின்னாலிருந்து இரணியன் பாட, கட்டியக்காரன் வம்புக்கு இழுக்க, திரை விலகியது. சலங்கை அதிர்ந்த ஒரு நிமிடம் என் முதுகு நிமிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆட்டம் சுமார்தான், மறைத்துப் பயனில்லை. சுதி விலகியது, வசனம் மறந்தது, ஒலிபெருக்கி பாதியை விழுங்கியது. இரண்டு மணிக்குப் பிரகலாதன் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன், திரைக்குப் பின்னால் வைக்கோலில் தூங்கிவிட்டான். முகத்தில் தண்ணீர் தெளித்தால் வேசம் கலையும் என்று காலில் தெளித்து எழுப்பினார்கள். அரைத் தூக்கத்தில் அவன் பாடிய நாராயண நாமம்தான் அன்றைய ராத்திரியின் நல்ல சங்கீதம்.

இதே கதையைத் தஞ்சாவூர் மாவட்டம் மெலட்டூரில் பாகவத மேளாவாகப் பார்த்திருக்கிறேன். வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரகலாத சரித்திரம். அங்கும் பெண் வேடம் ஆண்களுக்குத்தான். அங்கும் சம்பளம் கிடையாது, வெளியூர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து ஆடுகிறார்கள். நரசிம்மர் முகமூடிக்குப் பூசை உண்டு. ஆனால் அந்த ஊருக்கே தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் தானம் கொடுத்த வரலாறு இருக்கிறது. இங்கே தானம் என்றால் நடுராத்திரி மைக்கில் சொல்லும் மொய்தான். நான் கொடுத்த 500 ரூபாயைக் கட்டியக்காரன் இரணியனின் மார்புக்கட்டையில் குத்திவிட்டு, "சேலத்து நிருபர் ஐயா" என்று முழங்கினான். நான் நிருபருமில்லை, சேலமுமில்லை. திருத்தப் போனால் இன்னொரு கிண்டல் விழும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

விடியும் நேரத்தில் தூண் பிளந்தது. பச்சைத் தென்னங்கீற்றால் கட்டிய தூண். நரசிம்மர் பாய்ந்த வேகத்தில் நான்கு பேர் இடுப்பில் துண்டைப் போட்டு இழுத்துப் பிடித்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் கன்னத்தில் நிஜமாகவே நகக்கீறல். பெண்கள் குழந்தைகளை மடியில் அழுத்திக்கொண்டார்கள். கற்பூரம் காட்டித் தண்ணீர் கொடுத்த பிறகுதான் நரசிம்மர் மறுபடி பலாப்பழ வியாபாரி ஆனார்.

ஏழு மணிக்குத் திண்ணையில் கணக்கு நோட்டைத் திறந்தார்கள். மொய்யைச் சேர்த்தும் துண்டு விழுந்தது. யாரும் பதறவில்லை, வழக்கமாக விழுகிற துண்டுதான் போலிருக்கிறது. காதோரம் வெள்ளை ஒட்டியிருக்க இரணியன் கிழங்கு லோடு ஏற்றக் கிளம்பினார். அடுத்த வருசம் இரணியன் வேசம் தனக்கு என்று நரசிம்மரைப் பிடித்த நால்வரில் ஒருவர் இப்போதே முன்பணம் நீட்டினார். வாத்தியார் வாங்க மறுத்து, தூங்கிட்டு வா என்று விரட்டினார்.

எதிர் வீட்டு வாசலில் லீலாவதியின் மனைவி பட்டுச்சேலையை வெயிலில் விரித்து, ஜரிகையை விரலால் தடவிக்கொண்டே சாண் சாணாகப் பார்த்துக்கொண்டிருந்தார். லீலாவதி பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.